களிமண் சொல்லும் சாட்சி

(திருவொற்றியூரில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு ஆச்சரியமாயிருக்கலாம். கூலியைப் பற்றியோ, வேலை நேரத்தைப் பற்றியோ, கடல் அரிப்பைப் பற்றியோ பேசுவார்களென்று நினைத்து வந்திருப்பீர்கள். நாமோ ஐயாயிரம் வருஷங்களுக்கு முன் ஈராக் தேசத்தில் எழுதி வைத்த களிமண் ஏடுகளைப் பற்றிப் பேசப் போகிறோம். "பாடுபடுகிறவனுக்கு இந்தப் பழங்கதை எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். அந்த ஏடுகளில் முதன்முதல் எழுதப்பட்ட சங்கதியே பாடுபடுகிறவனுடைய படிக்கணக்குத்தான் என்பதே நமது பதில். ஆகவே இது உங்களுக்குச் சம்பந்தமில்லாத பேச்சல்ல. உங்களுக்கே முதல் பாத்தியதையுள்ள பேச்சாகும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவன் வந்து, "இது பழமையானது, பெரியோர்கள் சொன்னது" என்று சொல்லிவிட்டால் வாயை மூடிக்கொள்ளும்படி நம் மக்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். ஜாதி பழமையானதாம். சாஸ்திரம் பழமையானதாம். ஜோசியம் பழமையானதாம். அப்படியானால், உலகத்தில் கிடைத்திருக்கும் எழுத்துக்களிலெல்லாம் மிகப் பழமையானது என்ன சொல்லுகிறது என்பதையும் பார்த்து விடுவோமே! அதற்குப் பிறகு பழமைக்கு எவ்வளவு மரியாதை கொடுப்பது என்பதை நீங்களே தீர்மானித்துக் கொள்ளலாம்.

மெசபொடேமியா என்பது கிரேக்கர் இட்ட பெயர். இரண்டு ஆறுகளுக்கு நடுவேயுள்ள நாடு என்பது அதன் அர்த்தம். டைகிரிஸ், யூப்ரடீஸ் என்ற அவ்விரண்டு ஆறுகளும் இன்றைய ஈராக்கில் பாய்கின்றன. முதல் உலக யுத்தத்தில் இந்தியப் பட்டாளங்களும் கூலிப்படைகளும் பஸ்ராத் துறைமுகத்தில் போய் இறங்கியதால், நம் பாட்டன்மார் காலத்தில் இந்தப் பெயர் இங்கும் அடிபட்டதுண்டு.

அந்த நாட்டின் தென்பாகத்தில் கல் அபூர்வம்; நல்ல மரமும் அபூர்வம்; களிமண் மட்டும் ஏராளம். ஆகையால் வீடும் கோவிலும் கோட்டையும் மண் செங்கல்லால் கட்டினார்கள். எழுதுவதற்கும் மண்ணையே எடுத்தார்கள். ஈரக் களிமண்ணைக் கையிலடங்கும்படியான பலகையாகத் தட்டி, நாணல் குச்சியின் முனையால் அழுத்தி எழுதி, வெயிலில் காயவைத்தார்கள். அழுத்தின அடையாளம் ஆப்பைப் போலிருப்பதால் ஆப்பெழுத்து என்று அதற்குப் பேர்.

தோழர்களே! ஓலைக்கும் மண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சற்றுக் கவனியுங்கள். ஓலையைச் செல் தின்னும்; ஆகவே நூறிருநூறு வருஷத்திற்கொருமுறை அதைப் பார்த்து எழுத வேண்டும். எழுதுகிறவன் தனக்கு வேண்டியதைச் சேர்க்கலாம், வேண்டாததை விடலாம், கேட்பாரில்லை. மண் ஏடோ தீப்பட்டாலும் சாம்பலாவதில்லை. செங்கல்லைப் போல் வெந்து இன்னும் கெட்டியாகிவிடும். கி.மு. 612-ல் எதிரிகள் நினிவே நகரத்தைப் பிடித்துக் கொளுத்தினார்கள். அங்கே அசுர்பனிபால் என்ற அரசன் சேர்த்து வைத்திருந்த ஏடுகளும் துண்டுகளுமாக முப்பதினாயிரத்துக்கு மேல் அந்த இடிபாட்டிலிருந்தே கிடைத்தன. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியத்தில் மட்டும் இன்று இம்மாதிரி ஆப்பெழுத்து ஏடுகள் சுமார் 1,30,000 இருக்கின்றன. நடுவில் எவன் கையும் படாமல், எழுதினவன் எழுதின மேனிக்கே நம் முன் வந்து நிற்கும் சாட்சிகள் இவை.

இவை அங்கே எப்படிப் போயின? நீங்கள் துறைமுகத்து ஜனங்களானதால் இதைச் சொல்லியாக வேண்டும். 1845-ம் வருஷம் முதல் லேயார்டு என்ற ஆங்கிலேயர் நிம்ரூத் என்னுமிடத்தில் அசீரிய அரண்மனைகளைத் தோண்டினார். மனிதத் தலையும் சிறகும் உள்ள பெரிய கல் எருதொன்றைச் சுமார் முந்நூறு ஆட்கள் கயிறு கட்டி ஆற்றங்கரைக்கு இழுத்தார்கள். காற்றடைத்த ஆட்டுத்தோல்களின்மேல் கட்டிய தெப்பங்களில் ஏற்றிப் பஸ்ராவுக்கு மிதக்க விட்டார்கள். அங்கிருந்து கப்பல். அந்தக் காலத்தில் அந்தச் சரக்குகள் நம் பம்பாயைத் தொட்டுக்கொண்டுதான் லண்டன் போயின. பம்பாய்த் துறையில் பெட்டிகளைத் திறந்து ஊரார் வேடிக்கை பார்த்ததும், சில சிறு சாமான்கள் காணாமற் போனதும் சரித்திரத்தில் உள்ள சங்கதி. சில சிற்பப் பலகைகள் பம்பாயிலேயே தங்கிவிட்டன. முன்பு பிரின்ஸ் ஆப் வேல்ஸ் மியூசியம் என்றும், இப்போது சத்ரபதி சிவாஜி மகராஜ் பெயராலும் வழங்கும் அந்நகரத்துக் காட்சிச்சாலையில் அவற்றை இன்றும் பார்க்கலாம். லேயார்டின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. கயிறு இழுத்த முந்நூறு பேரின் பெயர் இல்லை. ஈராக்கின் சொத்து ஈராக்கை விட்டுப் போனதும் அந்தக் காலத்து ஆதிக்கத்தின் பலன்தான். இவ்விரண்டையும் மறந்துவிட்டுக் காட்சிச்சாலையைப் புகழ்வது நம் வேலையல்ல.

இனி, அந்த ஏடுகளில் என்ன எழுதியிருக்கிறது?

எழுத்து என்பது தெய்வத்தின் வாயிலிருந்து வந்ததென்றும், வேதம் ஓதுவதற்கே உண்டானதென்றும் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஊருக் என்ற நகரத்தில் கிடைத்த, சுமார் 5,300 வருஷங்களுக்கு முந்திய முதல் ஏடுகளில் பெரும்பாலானவை தோத்திரமுமல்ல, மந்திரமுமல்ல. இத்தனை படி வாற்கோதுமை, இத்தனை ஆடு, இத்தனை குடம் பீர், இத்தனை ஆள் என்கின்ற கணக்குகளே. பிரிட்டிஷ் மியூசியத்தில் உள்ள ஓர் ஏடு வேலையாட்களுக்கு அளந்த பீரின் கணக்கு. அதில் 'படி' என்பதற்கு எழுத்து என்ன தெரியுமா? ஒரு மனிதத் தலையும் அதன் வாயருகே ஒரு கிண்ணமும்! உழைத்தவன் சாப்பிட வேண்டும் என்பதே அந்த எழுத்தின் உருவம்.

அதற்குப் பிந்தி, கி.மு. 2100-க்கும் 2000-க்கும் நடுவில், ஊர் என்ற நகரத்து அரசர்கள் காலத்து ஏடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஆணாள் ஒருவனுக்கு மாதம் 60 படியென்றும், பெண்ணாளுக்கு 30 படியென்றும் சாதாரணமாக வாற்கோதுமை அளந்திருக்கிறார்கள். தாய்மார்களே! பெண்ணுக்குப் பாதிக் கூலி என்பது நேற்று வந்த அநியாயமல்ல. நாலாயிரம் வருஷத்து அநியாயம். "பழமையாயிற்றே, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று இதை விடலாமா? இந்த ஓர் ஏடே பழமைவாதிகளுக்குப் போதுமான பதிலாகும்.

கோவில் கணக்குகளும் அப்படித்தான். கோவில்களுக்கும் அரண்மனைக்கும் வேண்டிய ஆடு மாடுகளைக் கட்டி வைத்துக் கணக்கெழுத புஸ்ரிஷ்தாகன் என்று ஒரு கிடங்கே இருந்தது. இத்தனை ஆடு வந்தது, இத்தனை போயிற்று என்று ஆயிரக்கணக்கான ஏடுகள் எழுதியிருக்கிறார்கள். உங்கள் திருவொற்றியூர்க் கோவில் சுவரிலுள்ள கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு இது புதிதாயிராது. விளக்கெரிக்க இன்னார் இத்தனை ஆடு கொடுத்தார் என்பதுதானே அங்கும் எழுதியிருப்பது? சுவாமி அங்கேயும் பேசவில்லை, இங்கேயும் பேசவில்லை. கணக்கு இரண்டு இடத்திலும் பேசுகிறது.

இன்னொரு ஏட்டைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். கி.மு. 1750-ஐ ஒட்டி ஊர் நகரத்தில் ஏயாநாசிர் என்று ஒரு செம்பு வியாபாரி இருந்தான். இன்றைய பஹ்ரைன் தீவுக்குக் கப்பல் விட்டுச் செம்பு வரவழைத்து விற்பவன். அவனுக்கு நன்னி என்ற வாடிக்கைக்காரன் எழுதிய புகார்க் கடிதம் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. நல்ல செம்பு தருவதாகச் சொல்லி மட்டச் சரக்கைக் காட்டினாயே. பணத்தைக் கேட்கப் பகைவர் நாட்டின் வழியாக ஆளனுப்பினால் அவனை அவமரியாதை செய்து வெறுங்கையாய்த் திருப்பினாயே. இனி என் முற்றத்தில் வைத்து ஒவ்வொரு கட்டியாக நானே பொறுக்கித்தான் எடுப்பேன் என்பது அதன் சாரம். ஊரிலிருந்த சந்திர தேவன் கோவில் பெரிய கோவில். ஆயினும் நன்னி சுவாமியிடம் பிராது செய்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எழுத்தில் போட்டு ஏமாற்றினவன் வீட்டுக்கே அனுப்பினான். அதனால்தான் ஏயாநாசிர் செய்த மோசம் முப்பத்தேழு நூற்றாண்டு தாண்டியும் வெளுத்துக் கொண்டிருக்கிறது. எழுத்தின் பலம் அது!

தோழர்களே! இனி புராணத்துக்கு வருவோம். கணக்கெழுதின அதே களிமண்ணில் புராணமும் எழுதினார்கள். அத்ரஹாசிஸ் கதை என்று ஒன்று. கி.மு. 17-ம் நூற்றாண்டில் பிரதி செய்த ஏடு இருக்கிறது. அந்தக் கதையின்படி ஆதியில் மனிதர்களே இல்லை. தேவர்களில் சின்ன தேவர்கள் வாய்க்கால் வெட்டிப் பாடுபட்டார்கள். பெரிய தேவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெகுகாலம் பொறுத்த சின்ன தேவர்கள் ஒருநாள் மண்வெட்டிகளையும் கூடைகளையும் நெருப்பில் போட்டுவிட்டு, பெரிய தேவனாகிய என்லிலின் வீட்டை நள்ளிரவில் சூழ்ந்து கொண்டார்கள். வேலைநிறுத்தம்! அதற்குப் பெரியவர்கள் கண்டுபிடித்த சமாதானம் என்ன? ஒரு தேவனைக் கொன்று அவன் மாமிசத்தையும் இரத்தத்தையும் களிமண்ணோடு பிசைந்து மனிதனைப் படைத்தார்கள். எதற்காக? இனிமேல் அந்தச் சுமையை மனிதன் சுமக்கட்டும் என்பதற்காக!

இந்தக் கதையை எழுதினவன் யார்? வாய்க்கால் வெட்டினவனா? அல்லவே! வெட்டினவனுக்கு எழுதத் தெரியாது. கோவிலிலும் அரண்மனையிலும் படியளந்து கணக்கெழுதின வகுப்பார் எழுதின கதை இது. பாடுபடுவதே மனிதனுக்கு விதி என்பதைக் கூலி கொடுக்கிறவன் சொன்னால் கூலி வாங்குகிறவன் சண்டைக்கு வருவான். தெய்வம் சொன்னதென்றால் கையெடுத்துக் கும்பிடுவான். நம் நாட்டில் பிரமாவின் காலில் பிறந்தவன் ஊழியம் செய்ய வேண்டியவன் என்று எழுதி வைத்ததற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நாடு வேறு, பாஷை வேறு, தெய்வத்தின் பேர் வேறு, தந்திரம் ஒன்றே.

அந்தக் கதையின் மீதியையும் கேளுங்கள். மனிதர்கள் பெருகிச் சத்தம் போட்டதால் என்லிலுக்குத் தூக்கம் கெட்டதாம்! அதற்காகக் கொள்ளை நோயையும் பஞ்சத்தையும் அனுப்பி, கடைசியில் பிரளயத்தையும் அனுப்பினானாம். ஒருவன் மட்டும் படகு கட்டித் தப்பினான். மனிதர் செத்ததும் தேவர்களுக்குப் படையலில்லை, பசியால் வாடினார்கள். தப்பினவன் படையல் போட்டபோது ஈக்களைப் போல் மொய்த்தார்கள். இதை நாஸ்திகன் எழுதவில்லை. அந்தப் பக்தர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். மனிதன் தெய்வத்துக்குப் பிச்சை போடுகிறானேயன்றி, தெய்வம் மனிதனுக்குப் படியளக்கவில்லை என்று அந்தக் காலத்துக் கதையே ஒப்புக்கொள்ளுகிறது.

இந்தப் பிரளயக் கதையின் இன்னொரு பிரதியை, நினிவே ஏடுகளிலிருந்து 1872-ம் வருஷத்தில் படித்து வெளியிட்டவர் ஜார்ஜ் ஸ்மித். அவர் பெரிய பட்டம் பெற்ற பண்டிதரல்ல. நோட்டு அச்சிடுவதற்குத் தகடு செதுக்கும் தொழில் பழகின தொழிலாளி. மத்தியான சாப்பாட்டு நேரத்தில் பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஓடிப்போய் ஏடுகளைப் பார்த்துப் பார்த்தே படிக்கக் கற்றுக்கொண்டவர். பைபிளில் நோவாவின் கதையாக வருவது அதற்கும் முந்திய களிமண்ணில் இருக்கிறது என்று ஒரு தொழிலாளி எடுத்துக் காட்டியபோது ஐரோப்பாவே திகைத்தது. நம் மச்சாவதாரத்திலும் படகும் பிரளயமும் உண்டல்லவா? ஒவ்வொரு மதமும் தன் கதை மட்டும் தெய்வ வாக்கு என்கிறது. களிமண்ணோ, ஆற்றங்கரையில் வெள்ளம் பார்த்த மனிதர்கள் கட்டின கதை என்கிறது.

வெள்ளம் என்றவுடன் உங்களுக்கு 2023-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஞாபகம் வரும். மிக்ஜாம் புயலில் பெய்த மழையோடு மணலிப் பக்கத்து எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்து, வலையிலும் படகிலும் வீட்டுச் சுவரிலும் அப்பிக்கொண்டதை நீங்கள் கண்ணால் பார்த்தவர்கள். வாளியும் முறமும் கொண்டு அள்ளினவர்களும் நீங்களே. அது எந்த என்லில் அனுப்பின பிரளயம்? யார் தூக்கம் கெட்டதற்கு வந்த தண்டனை? "எல்லாம் தலைவிதி" என்று சொன்னால், எண்ணெயை வெளியே விட்டவனுக்கும் கழிமுகத்தைத் தூர்த்தவனுக்கும் அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. காரணத்தைக் கேட்டால்தான் அவர்களுக்குத் தூக்கம் கெடும். கெடட்டும் என்கிறோம்!

அடுத்தபடியாகச் சட்டம். பாபிலோன் அரசன் ஹம்முராபி கி.மு. 18-ம் நூற்றாண்டில் தன் தீர்ப்புகளை ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கருங்கல்லில் வெட்டி வைத்தான். 1901, 1902-ம் வருஷங்களில் ஈரானிலுள்ள சூசாவில் அது அகப்பட்டது. இப்போது பாரிஸ் லூவர் மியூசியத்தில் நிற்கிறது. கல்லின் தலைப்பில் சூரிய தேவன் உட்கார்ந்திருக்கிறான். அரசன் எதிரே வணக்கத்தோடு நிற்கிறான். கீழே சட்டம். ஒரு மேல் தரத்து மனிதனின் கண்ணை இன்னொருவன் கெடுத்தால் அவன் கண்ணைக் கெடுக்க வேண்டும். கீழ்த் தரத்து மனிதனின் கண்ணானால் ஒரு மினா வெள்ளி. அடிமையின் கண்ணானால் அவன் விலையில் பாதி, அதுவும் எஜமானனுக்கு! கண் எல்லோருக்கும் ஒன்றுதான், பார்வை ஒன்றுதான், விலை மட்டும் மூன்று தினுசு.

நியாயமாகச் சொல்ல வேண்டுமானால் அந்தக் கல்லில் நல்லதும் உண்டு. கூலியாளுக்கு நாளுக்கு இவ்வளவு வெள்ளி கொடுக்க வேண்டுமென்று இருக்கிறது. படகின் சந்துகளைச் சரியாக அடைக்காமல் விட்டு, அந்த வருஷத்துக்குள் படகு ஒழுகினால், கட்டினவன் தன் செலவில் திருத்திக் கொடுக்க வேண்டுமென்றும் இருக்கிறது. காசிமேட்டுத் தோழர்கள் இதை ஒப்புக் கொள்வார்கள். ஆனால் படகு விஷயத்தில் இவ்வளவு புத்தியுள்ளவன், மனிதன் விஷயத்தில் தராதரம் வைத்தானே, ஏன்? வைத்ததோடு நில்லாமல் சூரிய தேவனின் உருவத்தையும் மேலே பொறித்தானே, ஏன்? அநீதிக்குத்தான் தெய்வத்தின் கையெழுத்து அவசியம். நம் மனுதர்மத்தின் சங்கதியும் இதுவே. 1950-ம் வருஷம் ஜனவரி 26-ந் தேதி அமுலுக்கு வந்த நம் அரசியல் சட்டமோ எந்தத் தெய்வத்தின் பேராலும் ஆரம்பிக்காமல் மக்களின் பேரால் ஆரம்பிக்கிறது. அந்த வித்தியாசத்தை நாம் சாமானியமாக நினைக்கக்கூடாது.

அந்தத் தெய்வங்கள் இப்போது எங்கே? பாபிலோனில் மார்துக், ஊரில் சந்திரன் நன்னா, ஊருக்கில் இஷ்தார் என்று நகரத்துக்கு நகரம் பெரிய தெய்வம் இருந்தது. காலையும் மாலையுமாக நாளொன்றுக்கு நான்கு வேளை படையல் போட்டதை ஊருக் நகரத்து ஏடு சொல்லுகிறது. படையலில் பங்கு பெறும் உரிமையைப் பூசாரிகள் சொத்தைப் போல் விற்றும் வாங்கியும் இருக்கிறார்கள். யுத்தம் வந்தபோது மார்துக்கின் விக்கிரகத்தையே எதிரிகள் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் கும்பிட்ட அந்தத் தெய்வங்களுக்கு இன்று ஒரு கற்பூரம் கொளுத்த ஆளில்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். அதனால் சூரியன் உதிக்காமல் போயிற்றா? டைகிரிஸ் ஓடாமல் நின்றதா? கும்பிடுவோர் உள்ள வரையில் தெய்வம். இல்லாவிட்டால் கல்லும் மண்ணும். இது நாம் சொல்லுவதல்ல, காட்சிச்சாலை சொல்லுவது.

ஜோசியத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. பிரிட்டிஷ் மியூசியத்தில் ஆட்டு ஈரலின் உருவத்தைக் களிமண்ணில் செய்து, கட்டம் கட்டமாகக் கீறி, இந்த இடத்தில் குறியிருந்தால் இன்ன பலன் என்று எழுதின பொருள் இருக்கிறது. அந்தக் காலத்தில் அது பெரிய சாஸ்திரம்! இன்று அதை நம்புவார் உண்டா? ஆனால் மேஷம், ரிஷபம் என்று வானத்தைப் பன்னிரண்டாகப் பிரித்ததும் அதே பாபிலோன்காரர்களே. அது கிரேக்கர் கைக்குப் போய், கிரேக்கரிடமிருந்து இந்நாட்டுக்கு வந்தது. பஞ்சாங்கத்திலுள்ள ஹோரை, கேந்திரம் என்கின்ற வார்த்தைகளே கிரேக்க வார்த்தைகள். ரிஷிகள் ஞானதிருஷ்டியால் கண்டது என்று நம்மிடம் விற்கும் சரக்கு, கப்பலேறி வந்த சரக்கு. ஈரலைத் தள்ளிவிட்டோம், ராசிக் கட்டத்தை மட்டும் ஏன் வைத்துக்கொண்டிருக்கிறோம்?

இனி, நமக்கே கசப்பான ஒரு விஷயம். பிறர் பொய்யை மட்டும் உரித்துக் காட்டி, நம் பக்கத்துப் பொய்யை மூடி வைப்பது பகுத்தறிவாகாது.

1924-ம் வருஷம் செப்டம்பர் 20-ந் தேதி, ஜான் மார்ஷல் என்பவர் ஹரப்பா, மொகஞ்சதாரோ என்ற சிந்து வெளி நகரங்களைப் பற்றி லண்டன் பத்திரிகையொன்றில் படங்களோடு வெளியிட்டார். அவற்றின் வயது அவருக்கே தெரியாது. சில வாரங்களுக்குள் மெசபொடேமியப் பொருள்களை அறிந்த அறிஞர்கள், இம்மாதிரி முத்திரைகள் ஈராக், ஈரான் மண்ணில் கிடைத்திருக்கின்றனவே என்று எழுதினார்கள். அங்கே வயது தெரிந்த அடுக்குகளில் கிடைத்ததைக் கொண்டுதான் சிந்து நகரங்கள் நாலாயிரம் வருஷத்துக்கு மேற்பட்டவை என்பது நிச்சயமாயிற்று. வேதந்தான் இந்நாட்டு நாகரிகத்தின் ஆரம்பம் என்ற பெருமை, ஈராக்கின் மண் சொன்ன சாட்சியால் தகர்ந்தது. கி.மு. 2300-ஐ ஒட்டி ஆண்ட சார்கோன் என்ற அரசன், மெலுஹாக் கப்பல்கள் தன் துறையில் நின்றதாகப் பெருமை பேசியிருக்கிறான். மெலுஹா என்பது சிந்து வெளியே என்பது பெரும்பாலான அறிஞர்களின் அபிப்பிராயம். மெலுஹா பாஷைக்குத் துபாஷியாயிருந்த ஒருவனின் முத்திரை கூட லூவரில் இருக்கிறது. சென்னையில் கும்பெனிக்கு இருந்த துபாஷிகளைப் போல் அங்கும் ஒருவன்!

இவ்வளவும் உண்மை. ஆனால் இதைக் கொண்டு, "சுமேரியர் தமிழரே, பாபிலோனுக்கு எழுத்துக் கொடுத்தவர் தமிழரே" என்று மேடையில் முழங்குகிறவர்கள் நம்மிலும் உண்டு. ஆதாரம் என்ன? நாலு வார்த்தை ஒரே ஓசையாயிருப்பது ஆதாரமாகுமா? சுமேரிய பாஷைக்கு இன்றுவரை எந்தப் பாஷையோடும் உறவு நிரூபணமாகவில்லை. சிந்து எழுத்தையும் எல்லோரும் ஒப்பும்படி யாரும் இன்னும் படிக்கவில்லை. திராவிட பாஷையாயிருக்கலாம் என்று நல்ல அறிஞர்கள் காரணத்தோடு சொல்லுகிறார்கள். 'இருக்கலாம்' என்பதை 'இருக்கிறது' என்று மாற்றச் சொல்லவில்லை. 2025-ம் வருஷம் ஜனவரி 5-ந் தேதி, நம் எழும்பூர் மியூசியத்தில் நடந்த சிந்து வெளி நூற்றாண்டு மகாநாட்டில், அந்த எழுத்தைத் தெளிவாகப் படிப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர் பரிசென்று தமிழ்நாட்டு முதலமைச்சர் அறிவித்தார். தெரிந்துவிட்டதற்கு யாராவது பரிசு வைப்பார்களா?

படித்தாயிற்று என்பதற்கு அடையாளம் என்ன என்பதையும் களிமண்ணே கற்பித்திருக்கிறது. 1857-ம் வருஷத்தில், ஆப்பெழுத்தைப் படித்ததாகச் சொன்ன நான்கு அறிஞர்களிடம் ஒரே சாசனம் கொடுக்கப்பட்டது. ராலின்சன், ஹிங்க்ஸ், டால்பட், ஒப்பர்ட் என்ற அந்நால்வரும் ஒருவர் எழுதியதை ஒருவர் பாராமல் மொழிபெயர்த்து முத்திரையிட்டு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தபோது முக்கியமான பாகங்கள் ஒத்திருந்தன. அதன்பிறகே உலகம் நம்பியது. குரு சொன்னார் என்று நம்பவில்லை. கூட்டம் கைதட்டியது என்றும் நம்பவில்லை. அந்தச் சோதனையில் தேறாத தமிழ்ப் பெருமை நமக்கு வேண்டாம். பொய்யை முட்டுக்கொடுத்து நிறுத்தும் பெருமை, பார்ப்பான் வைத்தாலும் ஒன்றுதான், நாம் வைத்தாலும் ஒன்றுதான்.

எனவே தோழர்களே! நாம் சொன்னதையெல்லாம் திரட்டிச் சொல்லுகிறோம். பழமை என்பது யோக்கியதையல்ல. மிகப் பழைய ஏடுகளில் நியாயமும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. கணக்கும் இருக்கிறது, கட்டுக்கதையும் இருக்கிறது. எது எது என்று பிரிக்கும் கருவி நம் புத்தி ஒன்றே.

கடைசியாக ஒரு கேள்வி. நாலாயிரம் வருஷத்துக்கு முன் ஊர் நகரத்தில் மூட்டை சுமந்தவனுக்கு எத்தனை படி அளந்தார்களென்பது இன்று உலகத்துக்குத் தெரிகிறது. இந்த எண்ணூரிலும் மணலியிலும் துறைமுகத்திலும் கான்டிராக்டரிடம் வேலை செய்யும் உங்களில் எத்தனை பேருக்கு மாதாமாதம் கூலிச்சீட்டு கையில் கிடைக்கிறது? சட்டம் கொடுக்கச் சொல்லுகிறது. கேட்டீர்களா? களிமண் காலத்தில் இருந்த எழுத்து, கம்ப்யூட்டர் காலத்தில் உங்களுக்கு இல்லையென்றால் அது யார் குற்றம்? கொடுக்காதவன் குற்றம் முக்கால்; கேளாதவன் குற்றம் கால்.

ஆகையால் நாளைக்கே இரண்டு காரியம் செய்யுங்கள். லீவு நாளில் பெண்டு பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள்; 1851-ல் ஏற்பட்ட அந்த இடத்தில் ஆதிச்சநல்லூர்த் தாழிகள் முதல் எவ்வளவோ இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னும் நின்று, "இதைச் செய்தவன் யார்? அவனுக்கு என்ன கூலி?" என்று குழந்தைகளைக் கேட்கச் சொல்லுங்கள். மறுநாள் வேலைக்குப் போய், நீங்களும் உங்கள் கூலிச்சீட்டைக் கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் விரட்டுவான். எல்லோருமாகக் கேட்டால் எழுதிக் கொடுப்பான். நன்னி தனியாளாய்க் கேட்டான்; நாம் ஆயிரம் பேர் இருக்கிறோம்.